சிரியஸின் குட்டித் துணை: ஒரு கன சென்டிமீட்டர் 76 டன்னா? எங்கே தப்பு?

#1 வைகை_வானம்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் இளங்கலை இயற்பியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். விளையாட்டாக ஆரம்பித்த ஒரு கணக்கு மூன்று நாளாகத் தூங்கவிடாமல் படுத்துகிறது. பொலிவு, தூரம், நிறை, ஆரம், அடர்த்தி என்று ஒரு நட்சத்திரத்தின் ஜாதகம் முழுவதையும் நானே கையால் போட்டுப் பார்ப்பது என்று எண்ணம். வானத்திலேயே அதிகம் பிரகாசிக்கும் சிரியஸை எடுத்துக்கொண்டேன். அதிலும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெண்குள்ளன் (எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரம்), சிரியஸ் பி. பெரியது சிரியஸ் ஏ.

தூரத்தில் சிக்கல் இல்லை. ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் அளந்த இடமாறு தோற்றம், அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் இடம் மாறித் தெரியும் கோணம், 0.379 விகலை. (ஒரு பாகையை 3600 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு விகலை.) ஒன்றை 0.379-ஆல் வகுத்தால் 2.64 பார்செக். அதை 3.26-ஆல் பெருக்கினால் 8.6 ஒளியாண்டு.

அடுத்து பொலிவு. சிரியஸ் ஏ-யின் தோற்றப் பொலிவெண் மைனஸ் 1.46. (இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்.) அதைப் பத்து பார்செக் தள்ளி வைத்துப் பார்த்தால் 1.43. சூரியனை அதே இடத்தில் வைத்தால் 4.83. வித்தியாசம் 3.4, அதாவது சூரியனைப்போல் 23 மடங்கு. இதுவரை புத்தகத்தோடு ஒத்துப்போகிறது.

சிரியஸ் பி-யின் தோற்றப் பொலிவெண் 8.44. பத்து பார்செக்கில் 11.33. சூரியனைவிட 6.5 படி மங்கல். ஒளிர்திறன் சூரியனில் 400-ல் ஒரு பங்கு, 0.0025.

நிறைக்குக் கெப்ளரின் சுற்றுப்பாதை விதி. இரண்டும் ஒன்றையொன்று சுற்ற 50.1 வருடம். சுற்றுப்பாதையின் அரை நெட்டச்சு (நீள்வட்டத்தின் நீளத்தில் பாதி) 7.5 விகலை. 7.5-ஐ 0.379-ஆல் வகுத்தால் 19.8 வானியல் அலகு (பூமி-சூரியன் தூரம் ஒரு அலகு). அதன் மும்மடியை 50.1-இன் இருமடியால் வகுத்தால் இரண்டும் சேர்ந்து 3.09 சூரிய நிறை. ஏ-வுக்கு 2.06, பி-க்கு 1.02 என்று புத்தகம் பிரித்துக் கொடுத்திருக்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஆரத்துக்கு ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதி: ஒளிர்திறன், ஆரத்தின் இருமடியையும் வெப்பநிலையின் நான்காம் படியையும் பொறுத்து ஏறும். பி-யின் வெப்பநிலை 25,000 கெல்வின், சூரியனுடையது 5,772. விகிதம் 4.33, அதன் நான்காம் படி 352. 0.0025-ஐ 352-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் சூரியனின் ஆரத்தில் 0.00266 பங்கு. அதாவது 1,850 கி.மீ. நிலாவைவிட ஒரு சுற்று பெரிசு, அவ்வளவுதான்!

சூரியனின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.41 கிராம். அதை 1.02-ஆல் பெருக்கி, 0.00266-இன் மும்மடியால் வகுத்தால் 7.6 கோடி கிராம். ஒரு கன சென்டிமீட்டர் 76 டன்.

புத்தகத்தில் 2.4 டன் என்று போட்டிருக்கிறது. 31 மடங்கு வித்தியாசம். கால்குலேட்டரை மாற்றினேன், தாளை மாற்றினேன், விடை மாறவில்லை. யாராவது தப்பைக் காட்டுங்களேன்.

#2 பைனாகுலர்_பாண்டி

76 டன்னோ 2.4 டன்னோ, என் ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது. ஆனால் கேள்வி அருமை தம்பி. உட்கார்ந்து படிக்கிறேன்.

#3 கணக்குப்புலி

தப்பு நிறையில் இருக்கிறது. ஏ-யோடு ஒப்பிட்டால் பி கிட்டத்தட்ட 9,000 மடங்கு மங்கல். இத்தனை மங்கலான ஒன்றுக்கு மொத்த நிறையில் மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிக் கொடுத்தால் விடை எகிறத்தான் செய்யும். புத்தகம் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிறையை 31-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

#4 ஓய்வுபெற்ற_வாத்தியார்

கணக்குப்புலி, விடையைப் பார்த்துவிட்டு அதற்கேற்றபடி நிறையைக் குறைப்பது பரீட்சை ஹாலில் வேண்டுமானால் செல்லும். நிறையில் தப்பே இல்லை.

ஒளியைப் பார்த்து நிறையைப் பிரிப்பதில்லை, ஆட்டத்தைப் பார்த்துப் பிரிக்கிறோம். தராசை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நட்சத்திரமும் நடுவில் உள்ள ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. கனமானது அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில், லேசானது தள்ளி. பின்னணி நட்சத்திரங்களை வைத்து அளந்தால், ஏ போடும் வட்டத்தைப்போல் பி போடும் வட்டம் இரண்டு மடங்கு. அதனால் நிறை இரண்டுக்கு ஒன்று. 3.09-ஐ அப்படிப் பிரித்தால் தம்பி எழுதியது வந்துவிடும்.

பி-யை யாரும் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அது இருப்பதை இந்த ஆட்டத்தை வைத்துத்தான் சொன்னார்கள். ஃபிரெடரிக் பெஸல், 1844. சிரியஸ் நேர்கோட்டில் நகராமல் நெளிகிறது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இழுக்கிறது என்றார். 1838-ல் 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் இடமாறு தோற்றத்தை அளந்து, நட்சத்திர தூரத்தை முதன்முதலில் உருப்படியாகச் சொன்னவரும் அவர்தான். 18 வருடம் கழித்து, 1862 ஜனவரி 31 அன்று, அமெரிக்காவில் ஆல்வன் கிரகாம் கிளார்க் புதிதாகச் செய்த 18.5 அங்குல லென்ஸைச் சோதித்துப் பார்க்கச் சிரியஸைப் பிடித்தார். பக்கத்தில் ஒரு மங்கல் புள்ளி நின்றது.

ஒரு சின்ன எச்சரிக்கை. 7.5 விகலை என்பது வானத்தில் நேரடியாகத் தெரியும் நீளம் அல்ல. பாதை நமக்குச் சாய்ந்து இருக்கிறது. அந்தச் சாய்வைக் கழித்த பிறகு வருவதுதான் 7.5. தம்பி சரியான எண்ணைத்தான் எடுத்திருக்கிறார்.

#5 கணக்குப்புலி

சரி சார், நிறையை விடுகிறேன். அப்படியானால் தூரம்? எல்லாக் கணக்கும் தூரத்தில்தான் தொங்குகிறது. 0.379-ல் சின்னப் பிசகு இருந்தாலும் மும்மடியில் போய் ஊதிப்பெருகுமே.

#6 நுங்கம்பாக்கம்_நிழல்

வாத்தியார் பதில் எழுதுவதற்குள் ஒரு இடைச்செருகல். பொலிவெண் வித்தியாசம் 3.4 என்றால் 23 மடங்கு என்று தம்பி போட்டாரே, அந்தக் கணக்குக்குப் பின்னால் இருப்பது ஒரு படிக்கு 2.512 மடங்கு என்ற எண். அதற்கும் சென்னைக்கும் ஒரு உறவு உண்டு. பழைய கிரேக்க வழக்கப்படி கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களை ஆறு தரமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஐந்து படி வித்தியாசம் என்றால் சரியாக நூறு மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என 1856-ல் சொன்னவர் நார்மன் போக்சன். நூறின் ஐந்தாம் மூலம்தான் 2.512. அவர் 1861-ல் மதராஸ் வானாய்வகத்துக்கு வந்து, 1891-ல் இறக்கும்வரை இங்கேயே வேலை பார்த்தார். இடம் நுங்கம்பாக்கம். அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் பொலிவு ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். கல்லூரிச் சாலைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான்.

சரி, வழிவிடுகிறேன்.

#7 ஓய்வுபெற்ற_வாத்தியார்

கணக்குப்புலி கேட்டது நல்ல கேள்வி. பதில் உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும். இந்தக் கணக்கில் தூரம் எவ்வளவு தப்பாக இருந்தாலும் அடர்த்தி மாறாது.

நம்பவில்லையா? சிரியஸ் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 7.5 விகலை இப்போது இரண்டு மடங்கு நீளம். நிறை அதன் மும்மடி, ஆக எட்டு மடங்கு. அதே பொலிவு இரண்டு மடங்கு தூரத்திலிருந்து வர வேண்டும் என்றால் ஒளிர்திறன் நான்கு மடங்கு. ஆரம் அதன் வர்க்கமூலம், இரண்டு மடங்கு. கனஅளவு எட்டு மடங்கு. எட்டு மடங்கு நிறையை எட்டு மடங்கு கனஅளவால் வகுத்தால்? பழைய விடையே வரும்.

சுற்றுப்பாதை தெரிந்த இரட்டை நட்சத்திரத்துக்கு மட்டும் கிடைக்கும் வரம் இது. தூரம் மேலேயும் கீழேயும் வந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். முதன்முதலாகப் போட்டுப் பார்த்தபோது நானும் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி போட்டேன்.

ஆகவே தப்பு தூரத்திலும் இல்லை, நிறையிலும் இல்லை. மிச்சம் இருப்பது பொலிவும் வெப்பநிலையும். தம்பி, 8.44 என்ற எண்ணை எந்த ஒளியில் அளந்தார்கள்?

#8 வைகை_வானம்

கண்ணுக்குத் தெரியும் ஒளியில்தான் சார். பட்டியலில் அப்படித்தான் போட்டிருக்கிறது... ஐயோ.

#9 பொட்டல்காட்டு_தூரக்கண்ணாடி

பிடித்துவிட்டார்! வாத்தியார் மன்னிக்க வேண்டும், இதை நான் எழுதுகிறேன், கை துறுதுறுக்கிறது.

25,000 கெல்வினில் ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் அதிகம் ஒளிரும்? வீனின் விதிப்படி 28,98,000-ஐ வெப்பநிலையால் வகுத்தால் நானோமீட்டரில் விடை. சூரியனுக்கு 502, கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இடம். சிரியஸ் பி-க்கு 116. அது புற ஊதா. கண் பார்ப்பதோ 400-லிருந்து 700 வரை. அது கொட்டும் ஒளியில் பெரும்பங்கு நம் கண்ணுக்கு எட்டாத பக்கத்தில் போகிறது. நாம் வாலை மட்டும் பார்த்துவிட்டு மாட்டின் எடையைச் சொல்கிறோம்.

ஆனால் ஸ்டீபன்-போல்ட்ஸ்மன் விதி மொத்த ஒளியைக் கேட்கிறது, வாலை அல்ல. அதற்குத்தான் போலோமெட்ரிக் திருத்தம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். சூரியனுக்கு அது ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். சிரியஸ் பி-க்குச் சுமார் 2.5 படி. அதாவது பத்து மடங்கு. மொத்த ஒளிர்திறன் 0.0025 இல்லை, 0.025.

#10 வைகை_வானம்

போட்டுவிட்டேன்! 0.025-ஐ 352-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.0084. ஆரம் 5,850 கி.மீ. பூமியைவிடக் கொஞ்சம் சின்னது. அடர்த்தி 24 லட்சம் கிராம், 2.4 டன்!

அந்த 31 எங்கிருந்து வந்தது என்பதும் புரிந்துவிட்டது. ஒளிர்திறனில் பத்து மடங்கு தப்பு, ஆரத்தில் பத்தின் வர்க்கமூலம், 3.16. அதன் மும்மடி 31.6. மூன்று நாளாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது. ரொம்ப நன்றி.

கூடவே ஏ-யின் அடர்த்தியையும் போட்டேன். சூரியனைப்போல் நிறை 2.06 மடங்கு, ஆரம் 1.71 மடங்கு. கன சென்டிமீட்டருக்கு 0.58 கிராம். தண்ணீரில் மிதக்கும். ஒரே வீட்டில் இப்படி இரண்டு பிள்ளைகள்.

#11 கணக்குப்புலி

தோற்றதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி. எல்லாம் 25,000 என்ற வெப்பநிலையை நம்பித்தானே? அது தப்பாக இருந்தால்?

#12 ஓய்வுபெற்ற_வாத்தியார்

தப்பாகத்தான் இருந்தது, அதுவும் பல வருடம். இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

1915-ல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் வால்டர் ஆடம்ஸ், சிரியஸ் பி-யின் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையை) எடுத்தார். மங்கல் நட்சத்திரம் என்றால் சிவந்து, குளிர்ந்து இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, இது வெள்ளையாக இருந்தது. வெப்பநிலை சுமார் 8,000 என்று வைத்துக்கொண்டார்கள். அந்த வெப்பநிலையைப் போட்டால் ஆரம் 18,000 கி.மீ.க்கு மேல் வரும். அடர்த்தி தண்ணீரைப்போல் ஐம்பது, அறுபதாயிரம் மடங்கு. இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் அன்றைக்கு அதுவே யாராலும் விழுங்க முடியாத எண்.

ஆர்தர் எடிங்டன் 1924-ல் ஒரு பரிசோதனை சொன்னார். இத்தனை அடர்த்தி நிஜம் என்றால் ஈர்ப்பில் சிக்கி வரும் ஒளி சிவப்புப் பக்கம் நகர வேண்டும், ஐன்ஸ்டைன் சொன்னபடி. அந்த நகர்வை வேகத்தின் கணக்கில் எழுதினால் விநாடிக்கு 20 கி.மீ. இருக்கும் என்றார். ஆடம்ஸ் அளந்தார். 1925-ல் கிட்டத்தட்ட அதே எண் வந்தது. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், பொதுச் சார்பியலுக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது என்று.

இரண்டுமே தப்பு. கணித்த எண்ணும் தப்பு, அளந்த எண்ணும் தப்பு. 9,000 மடங்கு பிரகாசமான அண்ணன் பக்கத்தில் நிற்க, தம்பியின் நிறமாலையில் அண்ணனின் ஒளி கலந்துவிட்டது.

இப்போது நம் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சூரியனுக்கு இந்த நகர்வு விநாடிக்கு 0.636 கி.மீ. அதை 1.02-ஆல் பெருக்கி 0.0084-ஆல் வகுத்தால் 77. 1971-ல் பி, ஏ-யிடமிருந்து நன்றாக விலகியிருந்த சமயத்தில் கிரீன்ஸ்டைன் குழு அளந்தபோது 89 வந்தது, முன்பின் 16. பிறகு ஹபிள் தொலைநோக்கியில் அளந்தது 80 சொச்சம். தம்பியின் பழைய ஆரமான 1,850 கி.மீ. சரியாக இருந்திருந்தால் இது 244 ஆக வந்திருக்க வேண்டும். பொலிவை வைத்துப் போட்ட கணக்கும் ஈர்ப்பை வைத்துப் போட்ட கணக்கும் தனித்தனி வழியில் வந்து ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதனால்தான் 25,000-ஐ நம்புகிறேன். ஆனால் 1925-லும் இரண்டு எண்கள் சந்தித்தன என்பதை நினைத்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

#13 நுங்கம்பாக்கம்_நிழல்

இந்தக் கதையில் எங்கள் ஊர்ப் பிள்ளையை விட்டுவிட்டீர்களே. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் போட்டதும் இந்த வெண்குள்ளன் கணக்குதான். நிறை ஏற ஏற ஆரம் சுருங்கும், சூரியனைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால் வெண்குள்ளனாக நிற்கவே முடியாது. 1935-ல் லண்டன் கூட்டத்தில் அதைச் சொன்னதும் எழுந்து கிண்டலடித்தவர் யார்? மேலே வாத்தியார் புகழ்ந்த அதே எடிங்டன். நோபல் வர 1983 ஆயிற்று.

#14 ஓய்வுபெற்ற_வாத்தியார்

நான் எங்கே புகழ்ந்தேன், 20 கி.மீ. தப்பு என்றுதானே எழுதினேன்!

#15 பைனாகுலர்_பாண்டி

கணக்கு தலைக்கு மேலே போகிறது, ஆனாலும் விடாமல் படிக்கிறேன். ஒரு பாமரக் கேள்வி. தூரம் வெட்டுப்பட்டுப் போகும் என்றீர்கள். என் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் சிரியஸுக்குக் கொஞ்சம் வடமேற்கே திருவாதிரை. அதற்கு இப்படிச் சுற்றுப்பாதை நன்றாகத் தெரிந்த துணை இல்லையே, அங்கேயும் வெட்டுப்படுமா?

#16 பொட்டல்காட்டு_தூரக்கண்ணாடி

பாமரக் கேள்வி என்று சொல்லிவிட்டு நேராக முடிச்சிலேயே கை வைக்கிறீர்கள் அண்ணே. வெட்டுப்படாது. திருவாதிரையின் தூரமே இன்னும் சண்டையில் இருக்கிறது. ஹிப்பார்க்கோஸ் 1997-ல் தந்த முதல் பட்டியல்படி சுமார் 430 ஒளியாண்டு. 2008-ல் ரேடியோ அளவுகளையும் சேர்த்தபோது சுமார் 640. 2020-ல் வந்த ஓர் ஆய்வு 550-க்குப் பக்கத்தில் வைத்தது.

ஏன் இந்த இழுபறி? அதன் தட்டே பெரிசு. வானத்தில் அதன் அகலம் ஒரு விகலையில் ஆயிரத்தில் 42 பங்குக்குக் குறையாது. இடமாறு தோற்றமோ ஆயிரத்தில் ஐந்திலிருந்து எட்டு பங்குக்குள்தான். தட்டின் மேல் பெரிய பெரிய திட்டுகள் வந்து போவதால் ஒளியின் மையமே அலைகிறது. ஆடுகிற பானையின் ஓரத்தை வைத்துப் பானை எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது மாதிரி.

ஆரம் தூரத்தோடு சேர்ந்து ஏறும், கனஅளவு அதன் மும்மடி. 430-க்கும் 640-க்கும் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம், ஆனால் கனஅளவில் மூன்று மடங்குக்கு மேல். எப்படிப் போட்டாலும் அது வெறும் ஆவிதான். சூரியனைப்போல் நிறை 15 மடங்கு, ஆரம் 750 மடங்கு என்று தோராயமாக வைத்தால் நாம் மூச்சு விடும் காற்றைவிட இருபதாயிரம் மடங்குக்கும் மேல் லேசு. உள்ளே நடுவில் மட்டும் கெட்டி.

#17 வைகை_வானம்

இதைப் படித்த கையோடு அகத்திய நட்சத்திரத்துக்கும் பொலிவு போட்டேன். தோற்றப் பொலிவெண் மைனஸ் 0.74, தூரம் 310 ஒளியாண்டு, அதாவது 95 பார்செக். பத்து பார்செக்கில் மைனஸ் 5.6 வருகிறது. சூரியனைப்போல் 15,000 மடங்கு. சிரியஸ் வெறும் 23. வானத்தில் முதலிடம் சிரியஸுக்கு, அது பக்கத்து வீடு என்பதால் மட்டுமே!

கடைசியாக ஒன்று. எங்கள் துறையில் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. அதில் சிரியஸ் பி தெரியுமா? போன பிப்ரவரியில் முயன்றேன், ஏ-யின் கூச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

#18 ஓய்வுபெற்ற_வாத்தியார்

தெரிய வாய்ப்பு உண்டு. இந்தச் சில வருடங்களில் இரண்டும் சுமார் 11 விகலை விலகி நிற்கின்றன, ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இடைவெளி. உங்களுக்கு இன்னொரு அனுகூலம். கிளார்க் பார்த்த இடத்தில் சிரியஸ் அதிகபட்சம் 31 பாகைதான் ஏறும். மதுரையில் 63 பாகை. காற்றின் நடுக்கம் நன்றாகக் குறையும்.

தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்து ஆறவிடுங்கள். கண்ணருகு லென்ஸுக்குள், பிம்பம் விழும் இடத்தில் மெல்லிய அலுமினியத் தாள் துண்டை ஒட்டி, ஏ-யை அதற்குப் பின்னால் மறையுங்கள். உருப்பெருக்கம் 250-க்குக் குறையாமல். இருட்டு முழுதாகக் கவியும்வரை காத்திருக்க வேண்டாம், அந்தி வெளிச்சம் கொஞ்சம் இருந்தால் கூச்சம் அடங்கும். பி, ஏ-க்குக் கிழக்கே, கொஞ்சம் வடக்கு தள்ளி நிற்கும்.

#19 பைனாகுலர்_பாண்டி

தம்பி, நானும் மதுரைதான். தாள், கத்தரி, டீ என் பொறுப்பு. தேதி சொல்லுங்கள்.